பெருவிரலுக்கு அடியில் இருந்த வால்வு: ஒரு குறைமாத செம்மறிக்குட்டியின் நிகழ்வு ஆய்வு

காங்கயத்தில் இருந்து தாராபுரம் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட கொரங்காடுகள், அதாவது மேய்ச்சல் காடுகள். நடுவில் வெள்வேல மரங்கள், கீழே காய்ந்த கொழுக்கட்டைப்புல். அப்படி ஒரு காட்டில் இருந்த பட்டியில் மார்கழி இரண்டாம் வாரம் ஒரு குறைமாத செம்மறிக்குட்டி பிறந்தது. ஐந்து மணி நேரம் உயிரோடு இருந்தது. கால்நடை மருத்துவருக்குக் குட்டிச் சாவு புதிதில்லை. ஆனால் இந்தக் குட்டியை அறுத்துப் பார்த்தபோது நுரையீரலில் கண்ட காயம் என் கையால் ஆனது. அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. நுரையீரல் வேலை செய்யாதபோது வேறு எந்த வழியில் மூச்சுக் கொடுக்கலாம் என்று உலகத்தில் நடந்த ஆராய்ச்சியில் ஒரு முக்கியப் பங்கு ஆட்டுக்குட்டிகளில் நடந்தது. அந்த அறிவு முழுக்கக் குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆட்டுப் பட்டிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

தாய் ஆடு

மேச்சேரி இனம், நாலு வயது, மூன்றாவது ஈற்று. இரவு ஒரு மணி வாக்கில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்துவிட்டன. விடிந்து பார்த்தால் நாலு ஆடு செத்துக் கிடந்தது. இந்த ஆட்டுக்குப் பின்தொடையிலும் மடிக்குப் பக்கத்திலும் கடி. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் துயரத்தை விளக்க வேண்டியதில்லை.

காலை ஏழு மணிக்கு நான் போனேன். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆழமான இடங்களை மட்டும் தளர்வாகத் தைத்து, ஆன்டிபயாட்டிக், வலி மருந்து, வெறிநாய்த் தடுப்பூசியின் முதல் ஊசி எல்லாம் போட்டேன். ஆடு நின்றது, தண்ணீர் குடித்தது. வயிற்றில் குட்டி அசைவது கைக்குத் தெரிந்தது.

சினைக் காலம் எத்தனை நாள் என்பது இங்கே துல்லியமாகத் தெரியும். அது அபூர்வம். பட்டிக்காரர் ஆடிப் பதினெட்டு கழிந்த அடுத்த வாரம் மச்சான் வீட்டில் இருந்து கிடா வாங்கி வந்து, ஆறே நாள் பட்டியில் விட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தக் கணக்கில் குட்டிக்கு வயது 130 முதல் 135 நாளுக்குள். செம்மறி ஈனுவது ஏறக்குறைய 147 முதல் 150 நாளில். ஆக இன்னும் 12 முதல் 20 நாள் பாக்கி.

தைத்து முடித்தபோது பையில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. போடவில்லை. நாய்க்கடிக் காயத்துக்கு ஸ்டீராய்டு போட்டால் சீழ் பிடிக்கும், அதோடு சினை முதிர்ந்த ஆட்டுக்கு அதுவே ஈற்றைத் தூண்டிவிடும் என்று நினைத்தேன். இரண்டும் சரியான பயம்தான். ஆனால் அதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது என்பதை அந்தக் காலையில் நான் எடை போடவே இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் அதிகாலை

இரண்டு மணிக்குப் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், 3.40க்குக் குட்டி விழுந்தது. பெட்டைக்குட்டி. எடை 1.6 கிலோ. முடி குட்டையாகப் பட்டுப்போல இருந்தது, காது தொங்கியது, குளம்பு மெத்தென்று இருந்தது, கீழ்த்தாடையில் பல் வெளியே வரவில்லை. குறைமாதம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பட்டிக்காரர் குட்டியின் பின்னங்காலைப் பிடித்துவிட்டார். "தலைகீழா ஒரு சுத்துச் சுத்துனா தண்ணி வந்துருமுங்க டாக்டர்" என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அப்படிச் சுற்றும்போது வருகிற தண்ணீர் பெரும்பாலும் வயிற்றில் இருந்து வருவது. அதோடு குடல் முழுக்க உதரவிதானத்தின் மேல் சரிந்து, ஏற்கெனவே விரிய முடியாத நெஞ்சை இன்னும் அமுக்கும். நெஞ்சை மண்ணில் வைத்து, முன்னங்காலை விரித்துப் படுக்கவைத்தேன். மூக்கைத் துடைத்து, வைக்கோலால் மூக்குக்குள் கிளறி, சாக்கால் தேய்த்தேன். குட்டி மூச்செடுத்தது. ஆனால் நிமிடத்துக்கு 90 மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. மூச்சு வெளியே வரும்போது ஒரு சின்ன முனகல். ம்... ம்... ம்... என்று, யாரோ சுமை தூக்குவது மாதிரி.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கிளிப்பை நாக்கில் மாட்டினேன், 58 காட்டியது. உடம்புச் சூடு 36 டிகிரிக்கும் கீழே. பிறந்த குட்டிக்கு 39க்கு மேல் இருக்க வேண்டும்.

"ஏனுங்க டாக்டர், மூச்சு உடுதுங்களா?" என்று அந்த வீட்டு அம்மா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உடுதுங்கம்மா. பத்தலீங்க" என்றேன்.

அவர்தான் நினைவு வந்து, 2021 கொரோனா சமயத்தில் வாங்கி அட்டாலியில் போட்டிருந்த ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரைப் பேரனை விட்டு இறக்கவைத்தார். நிமிடத்துக்கு 5 லிட்டர் தருகிற மெஷின். தண்ணீர் பாட்டிலை வெட்டி மாஸ்க் ஆக்கி, குண்டு பல்பு கட்டிய கூடைக்குள் குட்டியை வைத்தோம். கிளிப் 71 வரை ஏறியது. அதற்கு மேல் நகரவில்லை.

அரை மணி நேரம் பார்த்தேன். மூச்சுக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. அப்புறம்தான் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு, பச்சைக் குழந்தைகளுக்கு வைக்கிற அம்பு பையை, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பையை, மாட்டினேன். அழுத்தினால் நெஞ்சு தூக்கவில்லை. அந்தப் பையில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் ஏறக்குறைய 40 செ.மீ. தண்ணீர் அளவைத் தாண்டினால் அது திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது 'புஸ்' என்றது. அந்த வால்வைப் பெருவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். நெஞ்சு தூக்கியது. கிளிப் 84 ஆனது. அந்த அம்மா கும்பிட்டார்.

மூன்று மணி நேரம் அப்படியே அழுத்தினேன். 84, 86, அப்புறம் 79, 70. எட்டு மணிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் ஏறவில்லை. 8.50க்கு இதயம் நின்றது.

அறுத்துப் பார்த்தது

வேப்ப மரத்தடியில், அவர்கள் அனுமதியோடு. நெஞ்சைத் திறந்தபோது நுரையீரலின் பெரும்பகுதி கருஞ்சிவப்பாக, ஈரல் மாதிரி கெட்டியாக இருந்தது. பின்பக்கத்தில் இருந்து ஒரு துண்டு வெட்டி பிளாஸ்டிக் மக்கில் இருந்த தண்ணீரில் போட்டேன். நேராகக் கீழே போய்ப் படிந்தது. காற்று ஏறவே இல்லை என்று அர்த்தம்.

முன் மடலில் வேறு காட்சி. அங்கே மட்டும் வெளிர் ரோஜா நிறம். மேல் சவ்வுக்குக் கீழே கடுகளவு, மிளகளவு காற்றுக் குமிழிகள் வரிசையாக, பாசிமணி கோத்தது போல. அழுத்தினால் விரலுக்கு அடியில் நகர்ந்தன. வெட்டிய இடத்தில் நுரையும் ரத்தமும் கலந்து கசிந்தது. காற்று போகிற வழியை விட்டுத் திசுவைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. விரியாத பாகங்கள் விரியாமலேயே இருக்க, விரிந்த கொஞ்ச இடத்துக்குள் நான் கொடுத்த காற்று முழுக்கப் போயிருக்கிறது.

முழு நுரையீரலும் ஏன் விரியவில்லை என்பது எளிது. மளிகைக் கடையில் புதுப் பாலித்தீன் பையைப் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு படுத்தும் பாடு தெரியும். பை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். காற்றறைகள் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் வைப்பது சர்ஃபாக்டன்ட் என்கிற வழவழப்பான பூச்சு. குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பூச்சு பற்றாமல் இருப்பதை மேரி எல்லன் ஏவரியும் ஜெரே மீடும் 1959இல் காட்டினார்கள். ஆட்டுக்குட்டிக்கு அது சினையின் கடைசி வாரங்களில்தான் போதிய அளவு சேரும்.

முனகலின் அர்த்தம்

இந்த நிகழ்வில் என்னைத் தூங்கவிடாதது அந்த முனகல்தான். அது வலிச் சத்தம் என்று அன்றைக்கு நினைத்தேன். அது குட்டி தனக்குத்தானே செய்துகொண்ட வைத்தியம். மூச்சை வெளியே விடும்போது குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை மிச்சம் பிடித்து, காற்றறைகள் முழுசாகச் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொண்டது. நான் ட்யூபைக் குரல்வளைக்குள் இறக்கியதும் அந்த வைத்தியம் போய்விட்டது. என் அம்பு பையில் மூச்சின் முடிவில் அழுத்தத்தைத் தாங்கி நிறுத்தும் வால்வு இல்லை. ஆக, ஒவ்வொரு முறையும் ஒட்டிய பையைப் பிரித்து, மறுபடி ஒட்டவிட்டு, மறுபடி பிரித்தேன். மூன்று மணி நேரம்.

குழந்தைகளிடம் இந்த முனகலைப் புரிந்துகொண்டுதான் ஜார்ஜ் கிரெகரியும் உடன் இருந்தவர்களும் 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காரியம் செய்தார்கள். குழந்தை தானாக மூச்சு விடட்டும், மூச்சின் எல்லாக் கட்டத்திலும் உள்ளே லேசான அழுத்தம் மட்டும் நிற்கட்டும் என்று விட்டார்கள். 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. அந்தக் காலத்தில் அது சின்ன எண்ணிக்கை இல்லை.

மூன்று வருடம் கழித்து வெப், டியர்னி என்ற இருவர் எலிகளில் காட்டியதை நான் கல்லூரியில் படித்ததுண்டு. நல்ல நுரையீரல் உள்ள எலிகளுக்கு 45 செ.மீ. அழுத்தத்தில் காற்றடித்து, மூச்சின் முடிவில் அழுத்தம் எதுவும் வைக்காமல் விட்டால், ஒரு மணி நேரத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்துச் செத்தன. அதே 45இல், மூச்சின் முடிவில் 10 செ.மீ. மிச்சம் வைத்தால் சேதம் பெரிதும் குறைந்தது. நான் படித்தேன், பரீட்சையில் எழுதினேன். பெருவிரல் அந்த வால்வின் மேல் போனபோது அது நினைவுக்கு வரவில்லை.

மூச்சுக்கு அசைவு தேவையா?

அழுத்தித்தான் ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் எவ்வளவு ஆழமாக இருந்தது என்று பிறகு யோசித்தேன். நெஞ்சு ஏறி இறங்கினால் உயிர் இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் பார்க்கிறோம். அந்த அம்மா கும்பிட்டதும் அதற்குத்தான்.

ராபர்ட் ஹூக் 1667 அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை ஒரு நாயில் சோதித்தார். நெஞ்சைத் திறந்து, நுரையீரலின் மேற்பரப்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, இரட்டைத் துருத்தியால் இடைவிடாமல் காற்று ஊதினார். காற்று உள்ளே போய் ஓட்டைகள் வழியாக வெளியேறியது. நுரையீரல் விரிந்தபடி அசையாமல் நின்றது. நாயின் இதயம் ஒழுங்காகத் துடித்தது. ஊதுவதை நிறுத்தினால் நாய் துடித்தது, மறுபடி ஊதினால் அடங்கியது. புதுக் காற்று வந்துகொண்டிருந்தால் போதும், அசைவு தேவையில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. மூன்று வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு சோதனை செய்துவிட்டு, அந்த உயிர் பட்ட பாட்டைப் பார்த்து, இனி இப்படிச் செய்ய மனம் வராது என்று ஹூக் ராபர்ட் பாயிலுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனாலும் செய்தார். அந்தக் கடிதமும் இந்தச் சோதனையும் எனக்குச் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

அந்த நாய்க்கு 310 வருடம் கழித்து, அமெரிக்காவில் பெதஸ்டாவில் தியோடோர் கோலோபோவ் ஆட்டுக்குட்டிகளில் காட்டியது எனக்கு இன்னும் ஆச்சரியமானது. தானாக மூச்சு விடும் குட்டிகளின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு செயற்கைச் சவ்வு வழியாகக் கரியமில வாயுவை மட்டும் கழித்துத் திருப்பிச் செலுத்தினார். எவ்வளவுக்கு எவ்வளவு வாயுவைக் கழித்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு குட்டியின் மூச்சு குறைந்தது. உடம்பு உண்டாக்கும் கரியமில வாயு கிட்டத்தட்ட முழுவதும் வெளியே போனபோது குட்டி மூச்சு விடுவதையே நிறுத்திக்கொண்டது. திணறல் எதுவும் இல்லை. மூச்சு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இதில் இருந்து இத்தாலியரான லூசியானோ கட்டினோனி பிடித்துக்கொண்ட விஷயம் பெரியது. ஆக்சிஜன் ஏற நுரையீரல் விரிந்து நின்றாலே போதும். கரியமில வாயு வெளியேறத்தான் காற்றை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வேலையை வெளியே ஒரு மெஷின் பார்த்துக்கொண்டால், நோயாளியின் நுரையீரலைப் பேசாமல் ஓய்வெடுக்க விடலாம். நுரையீரலை ஓய்வெடுக்கவிடு என்பது, என் பார்வையில், மாற்று சுவாச ஆராய்ச்சி மொத்தத்துக்கும் அடிநாதம். நான் அந்தக் காலையில் செய்தது அதற்கு நேர் எதிர்.

திரவத்தை மூச்சாக இழுப்பது

பிறக்காத குட்டியின் நுரையீரல் முழுக்கத் திரவம்தான். ஒட்டிக்கொள்ளும் தொல்லை காற்று உள்ளே வந்த பிறகுதான் தொடங்குகிறது. அப்படியானால் குறைமாதக் குட்டிக்குக் காற்றுக்குப் பதில் திரவத்தையே கொடுத்தால்?

யோஹான்னஸ் கில்ஸ்ட்ரா 1960களின் தொடக்கத்தில் எலிகளை உப்புத் தண்ணீருக்குள் மூச்சு விடவைத்துப் பார்த்தார். சாதாரண அழுத்தத்தில் 100 மி.லி. தண்ணீரில் 3 மி.லி. அளவுதான் ஆக்சிஜன் கரையும், அது பத்தாது. பல மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனைத் திணித்துத்தான் அவர் செய்தார். 1966இல் லேலண்ட் கிளார்க், ஃபிராங்க் கோலன் இருவரும் பெர்ஃபுளுரோகார்பன் என்ற திரவத்தை எடுத்தார்கள். 100 மி.லி.யில் 50 மி.லி. வரை ஆக்சிஜன் பிடிக்கும். அதில் முழுக்கிய எலிகள் சாதாரண அழுத்தத்திலேயே மூச்சு விட்டன, பூனைகளும் விட்டன.

இந்தத் திரவம் நிறமற்றது, எண்ணெய் போலத் தோன்றினாலும் தண்ணீரோடும் எண்ணெயோடும் கலக்காது, தண்ணீரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அந்தக் கனம்தான் ஒட்டிய காற்றறைகளைத் தானாக இறங்கிப் போய்ப் பிரித்துவிடுகிறது, நான் பெருவிரலை வைத்து அழுத்தியும் பிரியாத இடங்களை. குறைமாத ஆட்டுக்குட்டிகளில் வருடக்கணக்காக நடந்த வேலைக்குப் பிறகு, 1989இல் ஃபிலடெல்ஃபியாவில் கைவிடப்பட்ட நிலையில் இருந்த குழந்தைகளுக்கு முதன்முறை கொடுத்தார்கள். நுரையீரல் இளகியது. குழந்தைகள் பிழைக்கவில்லை. 1996இல் வந்த அறிக்கையில், நுரையீரலில் இந்தத் திரவத்தை நிரப்பி அதன் மேல் சாதாரண வெண்டிலேட்டரை ஓட்டியபோது, கடும் நிலையில் இருந்த 13 குறைமாதக் குழந்தைகளில் பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெரியவர்களிடம் நடந்து 2006இல் வெளியான பெரிய சோதனையில் பலன் இல்லை, சாதாரண வெண்டிலேட்டர் வைத்தவர்களில்தான் இறப்பு குறைவு. அதோடு அந்த வழி ஏறக்குறைய அடங்கிவிட்டது. திரவத்தையே மூச்சாக ஓட்டும் முறையிலும், கனமான திரவத்தை நிமிடத்துக்கு ஒரு சில தடவைக்கு மேல் உள்ளே வெளியே ஓட்ட முடியாது, கரியமில வாயு தேங்கும். ஆட்டுக்குட்டியில் அழகாக வேலை செய்தது பெரியவரின் புண்பட்ட நுரையீரலில் செய்யவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை சின்னச் சின்ன அதிர்வாகக் காற்றைத் தள்ளும் முறைக்கும் இதே கதைதான். மூச்சிரைக்கிற நாயின் மூச்சு அளவைப் பார்த்து யோசனை பிறந்தது, நாய்களிலும் பபூன் குட்டிகளிலும் நன்றாக நின்றது, பச்சைக் குழந்தை வார்டில் இன்றும் இருக்கிறது. பெரியவர்களிடம் 2013இல் வெளியான சோதனை, இறப்பு கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது.

கொடியை அறுக்காமல் இருந்தால்

இது என்னை அதிகம் உறுத்துகிற பகுதி. குட்டி விழுந்தபோது தொப்புள்கொடி துடித்துக்கொண்டிருந்தது. நான் அதை உடனே கிள்ளிவிட்டேன். அந்தக் கொடி வழியாகத் தாயிடம் இருந்து ஆக்சிஜன் வருகிற வரை குட்டிக்கு நுரையீரல் தேவையே இல்லை.

டோக்கியோவில் குவாபராவும் உன்னோவும் வெள்ளாட்டுக் குட்டிகளைக் கருப்பைக்கு வெளியே, தொப்புள்கொடியில் செயற்கைச் சவ்வை இணைத்து, மூன்று வாரம் வரை வைத்திருந்ததை 1993இல் எழுதினார்கள். 2017இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் ஆலன் ஃபிளேக்கின் குழு, 105 முதல் 120 நாள் வயதுள்ள செம்மறிக்குட்டிகளைப் பனிக்குட நீர் போன்ற திரவம் நிரப்பிய ஒளி ஊடுருவும் பைக்குள் நாலு வாரம் வரை வளர்த்தது. பம்ப் கிடையாது. குட்டியின் இதயமே ரத்தத்தைக் கொடி வழியாகச் சவ்வுக்குத் தள்ளி, ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப வாங்கிக்கொண்டது. பைக்குள்ளேயே குட்டிக்கு முடி முளைத்தது, கண் திறந்தது, காலை உதைத்தது. என் குட்டியை விட இரண்டு மூன்று வாரம் இளையவை அவை. அவற்றில் பெரும்பாலானவற்றை உறுப்புகளை ஆராய்வதற்காகக் கொன்றார்கள்.

இங்கே நின்று ஒரு வார்த்தை. பிழைக்க வைப்பதற்காகவே படித்தவன் நான். இந்தச் சோதனைகளைப் படிக்கும்போது கை கூசுகிறது. நம் நாட்டில் 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ஆடு, நாய் போன்ற பெரிய விலங்குகளில் ஆராய்ச்சி என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு மட்டும் பத்தாது, மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும். அந்தக் கட்டுப்பாடு இருக்கத்தான் வேண்டும். செய்து முடித்த சோதனையில் கிடைத்ததை வீணாக்குவதும் அந்த உயிர்களுக்குச் செய்கிற கேடு என்றே நினைக்கிறேன்.

அயிரை மீன்

சின்ன வயதில் அமராவதி வாய்க்காலில் துண்டு விரித்து அயிரை பிடித்து பக்கெட்டில் போட்டு வைப்போம். தண்ணீர் கொஞ்சம் பழசானதும் அயிரை விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். கொஞ்ச நேரத்தில் அதன் வால் பக்கம் இருந்து ஒரு குமிழி மேலே வரும். சிரிப்போம். அது என்ன என்று தெரியாது.

அயிரையின் குடும்பத்தைச் சேர்ந்த மீன்கள் குடலால் மூச்சு விடக்கூடியவை. விழுங்கிய காற்றில் இருந்து குடல் சுவரின் மெல்லிய ரத்தநாளங்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், மிச்சம் பின்னால் வெளியேறும். ஜப்பானில் இதே குடும்பத்து மீனைப் பார்த்து எழுந்த கேள்விதான், பாலூட்டியின் குடலாலும் முடியுமா என்பது. டகநோரி டகெபெயின் குழு 2021இல் எலிகளிலும் பன்றிகளிலும் முடியும் என்று காட்டியது. ஆசனவாய் வழியாக, ஆக்சிஜன் ஏற்றிய பெர்ஃபுளுரோடெகாலின் திரவத்தை எனிமா மாதிரி கொடுத்தார்கள். மூச்சுத் திணறிய பன்றிகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியது, தோல் நிறம் திரும்பியது, விளைவு குறைந்தால் மறுபடி கொடுக்க முடிந்தது. நுரையீரலில் கைவிடப்பட்ட அதே வகைத் திரவம், வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. 2025இல் ஆரோக்கியமான 27 ஆண்களிடம், ஆக்சிஜன் ஏற்றாமல், பாதுகாப்பை மட்டும் பார்த்த முதல் மனிதச் சோதனை வெளியானது. மனிதருக்குப் பயன்படுமா என்பது இனிதான் தெரிய வேண்டும். எனக்குப் பிடித்தது இதில் ஒன்று: நுரையீரலை யாரும் தொடுவதில்லை.

என்ன செய்திருக்கலாம்

மேலே சொன்ன மெஷின்கள் எதுவும் அந்தப் பட்டிக்கு வரப்போவதில்லை. கொரங்காட்டில் செயற்கைச் சவ்வு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சர்ஃபாக்டன்ட்கூட, மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்து 1980இல் ஃபுஜிவாரா குழந்தைகளுக்குக் கொடுத்து நிரூபித்த மருந்து, ஒரு புட்டி பல ஆயிரம் ரூபாய். குட்டியின் விலை அதற்கு ஈடாகாது.

ஆனால் என் பையில் இருந்த டெக்ஸாமெத்தசோன் சில ரூபாய். நியூசிலாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் ஈற்று எப்படித் தொடங்குகிறது என்று ஆராய, சினை ஆட்டின் வயிற்றுக் குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திக்கொண்டிருந்தார். பிழைக்கவே கூடாத வயதில் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அறுத்துப் பார்த்தால் நுரையீரல் பாதி விரிந்திருந்தது. 1969இல் அதை எழுதினார். 1972இல் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் செய்த சோதனை, குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் அந்த ஊசியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்று கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் குறைமாத வலி வந்த தாய்க்கு அந்த ஊசி விழுகிறது. அது ஒரு செம்மறிக்குட்டி கொடுத்தது.

எனக்குக் காலை ஏழில் இருந்து மறுநாள் அதிகாலை வரை இருபது மணி நேரம் இருந்தது. ஊசியின் முழுப் பலனுக்கு அது குறைவுதான், ஆனால் ஒன்றும் இல்லாமல் போகாது. காயத்தில் சீழ் பிடிக்கும் அபாயம் நிஜம், ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தேன். ஈற்றைத் தூண்டிவிடும் என்பதும் நிஜம், ஆனால் நாய் கிழித்த முதிர்சினை ஆடு எப்படியும் ஈனக்கூடும் என்பதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இன்று அதே ஆடு வந்தால் போடுவேன். இன்னொரு மருத்துவர் போடாமல் விட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன், யோசித்தாரா என்று மட்டும் கேட்பேன்.

கொடியை உடனே கிள்ளியிருக்கக் கூடாது. துடிப்பு அடங்கும் வரை, குட்டியைத் தாயின் பக்கத்திலேயே சூடாக வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடம் விட்டிருக்கலாம். முனகலை ட்யூப் போட்டுக் கெடுக்காமல் அதற்கு உதவி செய்திருக்கலாம். அதற்கு அந்தப் பட்டியிலேயே சாமான் இருந்தது: கான்சென்ட்ரேட்டர், மெல்லிய ட்யூப், ஒரு பாட்டில் தண்ணீர். மூக்குக்குள் இறுக்கமாக வைக்கும் ட்யூபின் ஒரு பக்கம் ஆக்சிஜன் வருகிறது, மறு பக்க ட்யூபின் நுனி தண்ணீருக்குள் 5 செ.மீ. மூழ்கியிருக்கிறது. குட்டி வெளிவிடும் மூச்சு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வர வேண்டும். அந்த 5 செ.மீ.தான் நுரையீரலில் மிச்சம் நிற்கும் அழுத்தம். குழந்தை வார்டுகளில் இருக்கிற முறை. குறைமாத ஆட்டுக்குட்டிகளில் 2007இல் இதைச் சோதித்து, குமிழி விடும் முறையில் நுரையீரல் கொள்ளளவும் ஆக்சிஜனும் மேம்படுவதைக் காட்டியிருக்கிறார்கள்.

அதற்கும் பத்தாமல் அம்பு பை பிடிக்க வேண்டி வந்தால், பாதுகாப்பு வால்வு 'புஸ்' என்று சொல்லும்போது சொல்லட்டும் என்று விட வேண்டும்.

பின்குறிப்பாக இன்னொரு குட்டி

மாசியில் வெள்ளகோவில் பக்கம் ஒரு வெள்ளாட்டுக்குட்டி. சினை நாள் சரியாகத் தெரியாது. பல் லேசாகத் தெரிந்ததால் அந்த மார்கழிக் குட்டியை விட முதிர்ந்தது என்பது நிச்சயம். முனகியது. கொடி அடங்கும் வரை காத்திருந்தோம், காங்கயத்துக் கான்சென்ட்ரேட்டரையே வண்டியில் எடுத்துப் போய், தண்ணீர் பாட்டிலில் அளவுக்கோடு போட்டு ட்யூபை இறக்கினோம். குமிழி வந்துகொண்டே இருக்க, ஆறு மணி நேரத்தில் முனகல் நின்றது. மறுநாள் தாய்மடியில் சீம்பால் குடித்தது. முதிர்ந்த குட்டி என்பதால் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் பிழைத்திருக்கக் கூடும். அதனால் இதை நிரூபணம் என்று நான் எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

நாய் கடித்த அந்த மேச்சேரி ஆட்டுக்குக் காயம் ஆறிவிட்டது. போன வாரம் தடுப்பூசி போடப் போயிருந்தேன். கிடா வந்த தேதியையும் போன தேதியையும் பட்டிச் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு கோடு, 130ஆம் நாள் எதுவென்று. அந்த அம்மாதான் காட்டினார். "அதுக்கு முந்தி ஏதாச்சும்னா உடனே போன் பண்ணோணும், அவ்வளவுதானுங்களே?" என்று கேட்டார். கான்சென்ட்ரேட்டர் அட்டாலியில் இல்லை. திண்ணையில், துணி போட்டு மூடி வைத்திருந்தார்.